ஏரியா குறையக் கூடாது

போண்டா தின்ற விரலாலேயே கணினித் திரையைத் தொட்டார் அதிகாரி குமரவடிவேல்.

"இந்தக் கோட்டை இப்பிடிக் கொஞ்சம் தள்ளி விடுங்க மேடம்."

விரல் போன வழியெல்லாம் எண்ணெய் படிந்தது. இப்போது துடைத்தால் முகம் சுளிப்பார். போகட்டும், அப்புறம் துடைத்துக்கொள்ளலாம் என்று அவள் விட்டுவிட்டாள்.

கோடு என்று அவர் சொன்னது யானை வலசைப் பாதையின் எல்லை. மாதக்கணக்கில் காட்டுக்குள் அலைந்து, யானைச் சாணமும் தடமும் கண்ட இடமெல்லாம் ஜி.பி.எஸ். புள்ளி எடுத்து வந்து, செயற்கைக்கோள் படத்தின்மேல் அவள் வரைந்தது. அந்த எல்லைக்குள் எந்தக் கட்டடம் இருந்தாலும் இடித்துவிடச் சொல்லியிருக்கிறது கோர்ட்.

மேற்கு ஓரத்தில் ஒரு ரிசார்ட் அதற்குள் வருகிறது. அதன் நீச்சல் குளம் மேலிருந்து பார்க்க ஒரு நீலப் பொட்டு.

அதை வெளியே விட வேண்டுமாம்.

"ஆனா மொத்த ஏரியா குறையக் கூடாதுங்க. கோர்ட்டுல ஏற்கெனவே சொல்லியாச்சு. இந்தப் பக்கம் விட்டத அந்தப் பக்கம் சேத்துருங்க. கிழக்கால சும்மாதான கெடக்கு?"

சும்மாக் கிடக்கவில்லை. கிழக்கே, கோட்டுக்கு வெளியே, வேங்கைப்பதி இருக்கிறது. இருளர் வீடுகள். எண்ணெய் விரல் சரியாக அதன்மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

குமரவடிவேலுக்கு இந்த வனத்துறையிலேயே தலை நரைத்துவிட்டது. இன்னும் எந்த வரைபடத்தையும் 'கூகுள்' என்றுதான் சொல்வார். வடக்கு எது என்று கேட்டால் ஜன்னலைப் பார்ப்பார். படத்தை அவர் பார்த்ததே இல்லை. கீழ் மூலையில் இருக்கும் ஏரியா எண்ணை மட்டும் பார்ப்பார். சரியாக இருந்தால் கையெழுத்துப் போட்டுவிடுவார். இந்த மனுஷனுக்குப் போய் எழுந்து நின்று வணக்கம் வைக்க வேண்டியிருக்கிறதே என்று தினமும் காலையில் அவளுக்கு வாய் கசக்கும்.

"அங்க ஆளுங்க குடியிருக்காங்க சார்."

"இருக்கட்டுங்க. அவங்களுக்கென்ன, காட்டுல எங்க வேணா இருந்துக்குவாங்க. ரிசார்ட்டுக்காரர் அப்பிடியா? மொதலு போட்டிருக்காருல்ல?"

கதவு வரை போய்த் திரும்பினார்.

"உங்க கான்ட்ராக்ட்டும் இந்த மாசத்தோட முடியுதில்லைங்க? பாத்துக்கலாம், பாத்துக்கலாம்."

சிரித்துக்கொண்டே போனார். மிரட்டலைக்கூட ஒழுங்காக மிரட்டத் துப்பில்லாத ஆள்.

அவள் திரையைத் துடைத்தாள்.

எண்ணெய்க்கு அடியிலிருந்து வீடுகள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. புதுத் தகரம் பளிச்சென்று தெரிவது மருதியின் வீடு. புள்ளி எடுக்கப் போன அன்று உள்ளே கூப்பிட்டு வரக்காப்பி கொடுத்தவள்.

"எங்கூட்டையும் போட்டுட்டியா கண்ணு? நல்லாப் போடு. படத்துல இருந்தாத்தான் கரண்டு வருமாம்."

"போட்டாச்சுக்கா" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

மவுஸைப் பிடித்து மேற்குக் கோட்டை உள்ளே இழுத்தாள். நீலப் பொட்டு வெளியே போனது. ரிசார்ட்டுக்காரனை எதிர்த்து நிற்க அவளுக்குத் தைரியமில்லை. அதற்காகத் தன்னையே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

ஏரியா குறைந்தது.

கிழக்குக் கோட்டைப் பிடித்தாள். தகரக் கூரைக்குப் பக்கத்தில் வந்ததும் கை நின்றுவிட்டது.

மாட்டேன் என்று வாய்விட்டே சொன்னாள்.

பிறகு படத்தை வடக்கே நகர்த்தினாள்.

ஓடைக்கரை. சிவப்பு ஓட்டுக் கூரை, சுற்றிலும் மதில், வரிசையாக மாங்கன்றுகள். தை மாதம் கிரகப்பிரவேசத்துக்கு ஆபீஸே வேன் வைத்துப் போய் விருந்து சாப்பிட்ட வீடு. பத்திரம் அதிகாரியின் மாமியார் பேரில் இருக்கிறது. இலைக்கு இலை வந்து பாயசம் விசாரித்த குமரவடிவேல் எல்லோரிடமும் ஒரே பேச்சைத்தான் பேசினார்.

"கதவத் தொறந்தா யானைங்க! டிக்கெட் இல்லாமப் பாக்கலாம்."

பார்க்கலாம்தான். ஓடைக்கரை நெடுகத் தடம் இருந்தது. புள்ளிகளை இன்னொரு முறை சரிபார்த்தாள். முதலில் வரைந்தபோது, எதற்கு வம்பு என்று அவளே அந்த இடத்தை ஒதுக்கி வைத்திருந்தாள்.

இப்போது கோட்டை நிதானமாக அந்த மதிலைச் சுற்றி ஓட்டினாள். மாங்கன்றுகளையும் விடவில்லை.

மூலையில் ஏரியா பழைய எண்ணுக்கே வந்து நின்றது.

மதியம் பிரிண்ட்டைக் கொண்டுபோய் மேஜைமேல் விரித்தாள். அவர் மூலையை மட்டும் பார்த்தார்.

"கரெக்டா வந்துருச்சே! இதத்தான நானும் சொன்னேன்."

கையெழுத்துப் போட்டார். சீலும் அவரே வைத்தார். டிரைவர் அதைச் சுருட்டி வாங்கிக்கொண்டு கோர்ட்டுக்குக் கிளம்பினார்.

ஜீப் கேட்டைத் தாண்டும் வரை அவள் ஜன்னலோரம் நின்றாள்.

"கலரு நல்லா எடுப்பா இருக்குங்க மேடம்," என்றார் அவர். "எனக்கொண்ணு பெருசா லேமினேட் பண்ணிக் குடுங்க. புது வீட்டு ஹால்ல மாட்டோணும்."

"சரிங்க சார்."

இருப்பதிலேயே பெரிய தாளாகப் பார்த்து எடுத்து பிரிண்டரில் வைத்தாள்.