தேனீ வந்த வீடு

மனித குலத்துக்கு ஒரு மகத்தான அறிவிப்பு: பல்லாவரத்தில் ஏழாவது மாடியில் வசிக்கும் தெய்வசிகாமணி, விதை போட்டுச் சூரியகாந்தி வளர்த்துவிட்டார்.

ஊரில் மிச்சமிருந்தவை பதினோரு தேனீக்கள். நிஜத் தேனீ வந்து உட்காரும் வீட்டுக்கு, பூ வளர்த்தவர் பெயரோடு பித்தளைப் பலகை உண்டு. அதற்காகவே அவர் மூன்று முறை விதைத்தார். முளைத்துவிட்டதா என்று தினமும் கரண்டியால் தோண்டிப் பார்த்ததில் முதல் இரண்டும் செத்தன.

“தூங்குற புள்ளைய எழுப்பி, தூங்கிட்டியான்னு கேக்குறீங்களே,” என்று மனைவி பரிபூரணம் கரண்டியை ஒளித்துவைத்தாள். மூன்றாவது பிழைத்தது.

பூத்த அன்று சலவைச் சட்டையும் சால்வையுமாகப் பூவை ஒட்டியே நின்றார். பத்து மணிக்குத் தேனீ வந்தது. பின்னாலேயே, பலகை கொடுக்கும் அதிகாரியும் வந்தார். சால்வைக்குப் பயந்தோ என்னவோ, தேனீ சூரியகாந்தியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பக்கத்துத் தொட்டியில் பறிக்க மறந்து பூத்துப்போன கொத்தமல்லியில் போய் உட்கார்ந்தது.

“இது யார் வச்சது?” என்று கேட்டார் அதிகாரி.

“சட்னிக்கு நான்தான் வச்சேன் சார்,” என்றாள் பரிபூரணம்.

இப்போதும் வீட்டுக்கு வருகிற எல்லோரையும் தெய்வசிகாமணி வாசலிலேயே நிறுத்தி, “நம்ம பால்கனிக்கு வந்த தேனீ,” என்று நெஞ்சை நிமிர்த்திப் பலகையைக் காட்டுகிறார்.

பலகையில் இருப்பது பரிபூரணத்தின் பெயர்.