வெளுத்த போர்வை

ஏற்கெனவே வெளுத்த போர்வையைத்தான் டெரல் இந்தச் சனிக்கிழமையும் வெளுக்கக் கொண்டுவந்தான். அவன் குடியிருந்த ஒற்றை அறைக்குள் குழந்தைகள் வரவே கூடாது என்று வீட்டுக்காரன் கறாராகச் சொல்லிவிட்டான். டெட்ராய்ட் பனியில் மகளோடு ஒரு மதியம் உட்கார அவனுக்குக் கிடைத்த இடம், காசு போட்டால் துணி துவைக்கும் இந்தக் கடைதான். எந்திரம் ஓடுகிற வரைக்கும் இங்கே யாரும் யாரையும் எழுந்து போகச் சொல்வதில்லை.

இருவரும் எந்திரத்தின் வட்டக் கண்ணாடிக்கு முன்னால் அமர்ந்தார்கள். போர்வையில் அச்சிட்டிருந்த மஞ்சள் மீன் தலைகாட்டும்போதெல்லாம் ஆளுக்கொரு பொய் சொல்ல வேண்டும். அதுதான் ஆட்டம்.

"எங்க டீச்சருக்கு வால் இருக்குப்பா" என்றாள் நையா.

"இந்த ஊர்ல பாதி என்னோடது" என்றான் டெரல். நையா விழுந்து விழுந்து சிரித்தாள்.

எந்திரம் நின்றது. அவன் ஈரப் போர்வையை வெளியே எடுக்கவும், நையாவின் அம்மா லடோயா கதவைத் திறந்துகொண்டு வரவும் சரியாக இருந்தது. கோர்ட்டு அவனுக்குக் கொடுத்த நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூட அவள் விட்டுத்தந்தது கிடையாது.

"கிளம்பு."

நையா கையிலிருந்த டப்பாவில் மீதமிருந்த திராட்சைச் சாற்றை நிதானமாகப் போர்வைமேல் கவிழ்த்தாள்.

"அச்சச்சோ, அழுக்காயிடுச்சுப்பா."

லடோயா போர்வையை வாங்கி முகர்ந்து பார்த்தாள். மகளை முறைத்தாள்.

"பச்சத் தண்ணியில போடு. இந்தக் கறை லேசுல போகாது" என்றபடி கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள்.