நேர்மை ஊசி

மனிதகுல வரலாற்றில் முதன்முறையாக, நேர்மையை ஊசிமருந்தாக்கி உடம்பில் ஏற்றும் மகத்தான திருப்பணி, நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் டீ இடைவேளையின்போது இனிதே தொடங்கியது. நாற்பது டெய்லர்களும் போட்டுக்கொண்டார்கள். மேனேஜர் அருள்குமார் தனக்குச் சர்க்கரை என்று ஒதுங்கிக்கொண்டார்.

மதியம் டெய்லர் நல்லான் வந்து நின்றார். "வெள்ளையம்மா வெரலத் தொளச்ச மிஷின்ல கார்டக் கழட்டுனது நானுங்க. திருகாணியச் சட்டப் பையில போட்டுக்கிட்டனுங்க."

தையல் வேகம் குறைகிறதென்று போன மாதம் அந்தப் பாதுகாப்புத் தகட்டைக் கழற்றியவர் அருள்குமார். ஆடிட் வந்தால் மட்டும் மாட்டுவது வழக்கம். வெள்ளையம்மாளே கழற்றினாள் என்று விபத்து அறிக்கை எழுதியவரும் அவர்தான். திருகாணியைச் சட்டைப் பையில் போட்டதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்து, இந்தத் திங்கட்கிழமை வேலைக்குச் சேர்ந்த கீதாஞ்சலி வந்தாள். அதையேதான் சொன்னாள். அவள் சுடிதாரில் பையே இல்லை. சாயங்காலத்துக்குள் முப்பத்தொன்பது பேர் ஆகிவிட்டது.

கடைசியாகக் கட்டுப் போட்ட விரலோடு வெள்ளையம்மாள் வந்தாள். "நாந்தான் சார் கழத்துனேன். திருகாணி சட்டப் பையிலதான் கெடக்கு. வேலைய விட்டு மட்டும் நிப்பாட்டிராதீங்க சார்."

அருள்குமாரின் கை சட்டைப் பைக்குப் போய் அங்கேயே நின்றது. பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நாற்பது பேரையும் மன்னித்தார்.