முப்பத்தெட்டாயிரம் பாட்டும் ஒரு பட்டனும்

“இன்னும் எத்தனை நாள், மனோங் டெல்ஃபின்?”

ரேடியோ நிலைய மேலாளர் ஆர்லின் இதைக் கேட்பது அந்த வாரத்தில் நான்காவது தடவை. அந்த ஊரில் மூத்தவர்களை மரியாதையாக மனோங், மனாங் என்றுதான் கூப்பிடுவார்கள்; அண்ணன், அக்கா மாதிரி.

நிலையத்தின் பாட்டுகளைப் பராமரிக்கும் டெல்ஃபின் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கொஞ்சம் குறிப்பு இருக்கு மேடம். அதை ஏத்திட்டா முடிஞ்சுது.”

“மூணு வாரமா இதையேதான் சொல்றீங்க!”

மியாகாவ் என்ற கடலோர ஊரின் அந்தச் சின்ன நிலையத்தில் முப்பத்தெட்டாயிரம் பாட்டு இருந்தது. அத்தனையும் ஓட்டைப் பழைய சாஃப்ட்வேரில். நினைத்த நேரத்தில் நின்றுவிடும். போன செவ்வாய்க்கிழமை மருந்துக்கடை விளம்பரம் பாதியில் நின்று, ‘இந்த மாத்திரையைச் சாப்பிட்டால்’ என்பதோடு ஊரே நிசப்தமானது. கடைக்காரர் நேரில் வந்து கத்திவிட்டுப் போனார்.

புது சாஃப்ட்வேர் வாங்கி ஒரு மாதமாகிறது. எல்லாப் பாட்டையும் மொத்தமாகக் கொண்டுவர அதிலேயே ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினால் நாலு மணி நேரம். ஆனால் டெல்ஃபின் ஒவ்வொரு பாட்டாக ஏற்றிக்கொண்டிருந்தார்.

“நம்ம மனோங் ஒவ்வொரு பாட்டுக்கும் ஞானஸ்நானம் பண்ணித்தான் அனுப்புவார் மேடம்” என்றான் அறிவிப்பாளன் நோனோய். பிறகு குரலைத் தாழ்த்தினான். “வேலை முடிஞ்சா சீட்டு கிழிஞ்சிடும்னு பயம். அதான் இழுக்கறார்.”

ஆர்லினுக்கும் அப்படித்தான் பட்டது. அன்றே, ஏன் தாமதம் என்று கேட்டு ஒரு மெமோ கொடுத்தாள். டெல்ஃபின் படித்தார், கையெழுத்துப் போட்டார், மறுபடி தட்ட உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை டெல்ஃபினுக்கு விடுமுறை. ஆர்லின் காலையிலேயே வந்து அந்தப் பட்டனைத் தானே அழுத்தினாள்.

‘ஏற்கெனவே உள்ள பட்டியலை நீக்கலாமா?’ என்று திரை கேட்டது. ‘ஆம்’ என்றாள்.

பன்னிரண்டு மணிக்கெல்லாம் வேலை முடிந்தது. ஒரு பாட்டுகூட விடுபடவில்லை. நோனோய் கைதட்டினான்.

“இதுக்கா மூணு வாரம்? பழைய கம்ப்யூட்டரை என்ன பண்ண மேடம்?”

“எல்லாத்தையும் அழிச்சிட்டு வரவேற்பு மேஜைக்குக் கொடுத்துடு.”

அந்த நேரம் பார்த்து டெல்ஃபின் உள்ளே வந்தார். பூசை முடிந்து நேராக வந்திருக்க வேண்டும். தேய்த்த சட்டை, கையில் சூடான ரொட்டிப் பொட்டலம். திரையைப் பார்த்தவர் முகம் வெளுத்தது.

“பழசை அழிச்சிட்டீங்களா?”

“இன்னும் இல்ல.”

டெல்ஃபின் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

“அப்படி என்ன புதையல் இருக்கு அதுல?” என்றாள் ஆர்லின் எரிச்சலோடு.

அவர் பழைய திரையை அவள் பக்கம் திருப்பினார். பாட்டின் பெயர், பாடியவர் பெயர், அதற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம். ஆர்லின் குனிந்து படித்தாள்.

‘விடியற்காலையில் வேண்டாம். இது ஓடிக்கொண்டிருந்தபோதுதான் மனாங் காரிங்கின் வீட்டுக்காரர் படகைத் தள்ளிக்கொண்டு போனார். திரும்பி வரவில்லை.’

‘சனிக்கிழமை பத்து மணிக்குக் கட்டாயம். கப்பல் வேலையில் இருக்கும் ரோமுலோ அங்கே போனில் கேட்பான், வீட்டில் அவன் மனைவி கேட்பாள்.’

‘ஆரம்பமே தடால் சத்தம். பகல் இரண்டு மணிக்கு வேண்டாம், பேக்கரி மாடியில் கைக்குழந்தை.’ அதற்குக் கீழே, நாலு வருஷம் கழித்து: ‘பிள்ளை பள்ளிக்கூடம் போகிறான். இனி போடலாம்.’

ஆர்லின் நிமிர்ந்தாள். “இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பாட்டு கேட்டு போன் பண்றவங்க சொல்றதுதான் மேடம். சில பேர் அழுதுக்கிட்டே போனை வெச்சிடுவாங்க. மறுநாள் போய் விசாரிச்சுக்குவேன்.”

“இந்த மாதிரி எத்தனை?”

“மூவாயிரத்துக்குக் கொஞ்சம் மேல. பட்டன் பாட்டைக் கொண்டுவந்துடும். இதைக் கொண்டுவராது.”

“பாட்டை முதல்ல ஏத்திட்டு, இதை அப்புறமா மெதுவா எழுதியிருக்கலாமே?”

“விடியற்காலைல இங்க யாரும் இல்ல, மெஷினே பாட்டைத் தேடிப் போட்டுக்குது. இந்தக் கட்டம் காலியா இருந்தா எதை வேணா எடுத்துப் போட்டுடும். ஒரே ஒரு நாள் மாறிப் போனாக்கூட மனாங் காரிங் வீட்ல அந்தப் பாட்டு கேட்கும் மேடம்.”

“இதை என்கிட்ட முதல்லயே சொல்றதுக்கென்ன?”

“அவங்கவங்க வீட்டு விஷயம். எல்லார் முன்னாடியும் எப்படிச் சொல்றது?”

நோனோய் தலையைக் குனிந்துகொண்டான். ஆர்லினுக்குத் தான் காலையில் அழுத்திய ‘ஆம்’ அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“மனோங்… நீங்க மூணு வாரமா ஏத்தினது?”

டெல்ஃபின் புது திரையில் தேடிப் பார்த்தார். அந்தக் கட்டம் மேலிருந்து கீழ்வரை காலியாக இருந்தது.

“போயிடுச்சு” என்றார். குரலில் கோபமே இல்லை. ரொட்டிப் பொட்டலத்தை நோனோயிடம் கொடுத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “பரவால்ல. முதல் பாட்டுலேர்ந்து தொடங்கிட வேண்டியதுதான்.”

ஆர்லின் பழைய கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

“நான் படிச்சுச் சொல்றேன். நீங்க அடிங்க.”

அவள் படித்தாள், அவர் அடித்தார். ஐம்பது, நூறு என்று போயிற்று. மூன்று மணிவாக்கில் ஒரு குறிப்பில் அவள் குரல் நின்றது.

‘ஆர்லின் மேடம் நிலையத்தில் இருக்கும்போது வேண்டாம். இவங்க அம்மாவைக் கல்லறைக்குக் கொண்டுபோன அன்று பேண்டுக்காரர்கள் வழியெல்லாம் வாசித்த பாட்டு.’

எழுதியிருந்த தேதி, அவள் இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள்.

டெல்ஃபின் திரும்பிப் பார்க்கவில்லை.

“அது எனக்கு மனப்பாடம் மேடம்” என்றார். “அடுத்ததைப் படிங்க.”