மாமியார் ஏறும் ஏணி

"ரெண்டு பக்கமும் கைப்பிடி வேணும். கொஞ்சம்கூட ஆடக் கூடாது. ஏறப்போறது என் மாமியார்" என்றான் அவன்.

உல்லாசப் படகின் பக்கவாட்டில் ஏணியைப் பொருத்திக்கொண்டிருந்த ஃபிட்டர் சிரித்தார். "மாமியார் மேல இவ்வளவு அக்கறையா? இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைப்பார்?"

"வயசாயிடுச்சு இல்லையா? கால் நடுங்கும். தண்ணியைப் பார்த்தாலே தலை சுத்தும்."

"கைப்பிடி முழங்கை மட்டத்துல இருக்கணும். அம்மா எவ்வளவு உயரம்?"

அவன் தயங்கினான். "ஏறக்குறைய என் உயரம்தான். எனக்கே அளவெடுத்துடுங்க."

ஃபிட்டர் அவன் முழங்கைக்கு நேராகக் கைப்பிடியை வைத்து, கடைசி போல்ட்டையும் முடுக்கினார். பிடித்து உலுக்கிப் பார்த்தார். அசையவில்லை.

"யானையே ஏறலாம் சார்."

அப்போது படகுத்துறைக்கு மாமியார் வந்தார். மாப்பிள்ளையின் தோளுக்குக்கூட எட்டாத உயரம். கைப்பிடியைத் தொடாமலே விறுவிறுவென்று ஏறியவர், நேராகப் போய் இன்ஜினை ஸ்டார்ட் செய்து, சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாப்பிள்ளை, இன்னிக்கும் கரையிலேயே நின்னு கையசைக்கப் போறீங்களா? உங்க பொண்டாட்டி உள்ள காத்துக்கிட்டிருக்கா."

அவன் ஃபிட்டரைப் பார்த்தான். ஃபிட்டர் ஸ்பேனரைப் பைக்குள் போட்டுக்கொண்டே மெல்லச் சொன்னார்.

"தைரியமா ஏறுங்க சார். உங்க அளவுதானே."