சுவர் மேல் விழுந்த மஞ்சள்

கரண்ட் போனால் போதும், கூடத்துச் சுவருக்குத் தொல்லைதான். மேசை மேலிருக்கும் எல்.இ.டி. டார்ச் எரிந்த கையோடு ஆரம்பித்துவிடும்.

"என்னப்பா, மறுபடியும் மஞ்சளாயிட்டியே!"

"மஞ்சளானது உன் வெளிச்சம்யா! வருஷக்கணக்கா எரிஞ்சு எரிஞ்சு நிறம் மாறிப்போச்சு."

"எனக்கா? கடையிலேருந்து வந்த அன்னைக்கு எப்படியோ, இன்னைக்கும் அப்படியேதான் இருக்கேன்."

அந்த வெளிச்சத்தில் பார்த்த வீட்டுக்காரி பெயிண்டரைக் கூப்பிட்டாள். அவன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் சுவருக்குத் தோலே உரிந்தது. பளிச்சென்று வெள்ளை அடித்தாயிற்று. அடுத்த தடவை கரண்ட் போனபோது டார்ச் உச்சுக்கொட்டியது. "போயும் போயும் மஞ்சள் பெயிண்டா வாங்கினாங்க?"

மறுபடியும் பெயிண்டர், மறுபடியும் உப்புத்தாள். சுவர் அழாத குறை.

ஒருவழியாக வீட்டுக்குப் புது டார்ச் ஒன்று வந்தது. வீட்டுக்காரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடித்தாள். சுவரில் ஒரு வட்டம் பால் வெள்ளை, இன்னொன்று எண்ணெய் மஞ்சள். சுவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இப்பவாவது நல்லா பாருய்யா!"

பழைய டார்ச் இரண்டு வட்டங்களையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு பரிவோடு புதுசின் பக்கம் திரும்பியது.

"வந்த அன்னைக்கே இப்படி வெளுத்துப் போயிருக்கியே, உடம்புக்கு என்னப்பா?"