நரி முகம்

"நரிங்களோட குடும்பம் நடத்த என்னால முடியாதுண்ணே. இப்பவே கெளம்பலாம்."

செவ்வந்தி துணிப்பையோடு வாசலில் நின்றாள். அழைத்துப்போக அண்ணன் முனியன் திருநாவலூரிலிருந்து வந்திருந்தான். இப்போதுதான் பஸ் ஒழுங்காக ஓடத் தொடங்கியிருந்தது. எண்பத்தேழில் இடஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலில் வழியெல்லாம் மரங்கள் சாய்ந்து கிடந்ததால், தங்கை மகளின் சாவுக்குக்கூட அவனால் வந்துசேர முடியவில்லை.

அந்த வாரத்தில்தான் குழந்தை கோகிலாவுக்கு ஜன்னி கண்டது. கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி போக எந்த வண்டியும் இல்லை. செவ்வந்தியின் புருஷன் சின்னதுரை மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, வெட்டிப் போட்ட புளியமரங்களை ஏறிக் குதித்து ஓடினான். பாதி வழியிலேயே திரும்பி, மெதுவாக நடந்து வந்தான்.

சொந்தபந்தம் வர வழியில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு அவன் ஒருத்தனே போய் ஏரிக்கரை மேட்டுச் சுடுகாட்டில் அடக்கம் செய்துவிட்டு வந்தான். பொம்பளைகள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கமில்லை. செவ்வந்தி வாசலோடு சரி.

அழுது தீர்க்க வேண்டிய மனுஷன், நாலே நாளில் வீட்டுக்குப் பின்னால் குட்டை வெட்ட ஆரம்பித்தான். இடுப்பு ஆழம். மழை ஏமாற்றிய வருஷம் அது. கிணற்றிலிருந்து குடம் குடமாய்ச் சுமந்து ஊற்றினான். கரையில் கோழிக்குடலும் கருவாடும் வைத்தான். மலையிலிருந்து இறங்கும் குள்ளநரிகள் வாசனை பிடித்து வந்து பழகிவிட்டன.

பக்கத்து வீட்டுச் சாலம்மாள் சும்மா இருப்பாளா? அவளுடைய கோழி ஒன்று காணாமல் போயிருந்தது.

"நரி வலம் போனா இன்னா, எடம் போனா இன்னா, மேல வுழுந்து புடுங்காம இருந்தா சரின்னு ஊரே கெடக்குது. நீ இன்னாடான்னா விருந்து வெச்சிக்கினு கீற!"

நரி முகத்தில் முழித்தால் நல்லது நடக்குமாம், அதற்குத்தான் என்று சின்னதுரை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். போதாதா? பிள்ளையை வாரிக் கொடுத்தவனுக்கு அதிர்ஷ்டம் கேக்குதாம் என்று கிணற்றடியில் பேசிச் சிரித்தார்கள். பிள்ளை போன துக்கத்தைவிட அந்தச் சிரிப்புதான் செவ்வந்தியை அறுத்தது. அண்ணனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

முனியன் பின்பக்கம் போனான். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. சின்னதுரை குட்டைக் கரையில் சட்டியோடு உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நாள் ரெண்டு பேருமே எங்கள் வீட்டில் வந்து இருங்கள் என்று முனியன் நல்லபடியாகத்தான் கூப்பிட்டான். இதுகளை ஒரு பொழுதுகூட விட்டுவிட்டு வர முடியாது என்றான் சின்னதுரை.

முனியனுக்குச் சுர்ரென்று ஏறியது. சட்டியை எட்டி உதைத்தான். குடலெல்லாம் மண்ணில் சிதறியது.

 சின்னதுரை முட்டி போட்டுக்கொண்டு, மண்ணோடு வாரி வாரிச் சட்டியில் போட்டான். 

சத்தம் கேட்டுச் செவ்வந்தி பையோடு பின்னாலேயே வந்துவிட்டாள்.

"பெத்த புள்ள போயிருக்குதே, ஒரு நாளாவது நீ அழுதியாயா? அந்த நரி மூஞ்சில முழிச்சி இன்னா கெடச்சிது உனுக்கு?"

அவன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. முனியனின் கையைப் பிடித்துக் குரலைத் தாழ்த்தினான்.

"அவள இட்டுக்கினு போயிடு மச்சான், அவளுக்குத் தெரிய வேணாம். சுடுகாட்டு மேட்டுல ஒரே பாறை. மொழங்கால் ஆழத்துக்கு மேல கடப்பாரை எறங்கல. விடிஞ்சி போய்ப் பாத்தா, மேல் மண்ணப் பறிச்சி வெச்சிருக்குதுங்க. முள்ளு வெட்டிப் போட்டேன், கல்லு வெச்சேன், எதுவும் நிக்கல. இங்க வவுறு ரொம்பிச்சின்னா, புள்ள கிட்ட போவாதுங்க."

இரண்டடி தள்ளி நின்றிருந்த செவ்வந்தி பையை இறக்கி வைத்துவிட்டு, மண்ணில் கிடந்த மிச்சத்தை வாரிச் சட்டியில் போட்டாள்.